மீனைக் காக்கும் தாவரப் புரதம்: ஐஸுக்குத் துணை, ஐஸுக்கு மாற்று அல்ல



நமது டிரஸ்டின் வட்டியில்லாக் கடன் திட்டத்தில் மீன் வியாபாரம் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே மீனைச் சுத்தம் செய்து, பாக்கெட் போட்டு, ஆர்டருக்கு அனுப்பும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அண்மையில் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்டார்கள். "சோயாவிலிருந்து எடுத்த பொடியாம். அதைக் கரைத்து மீனை முக்கி எடுத்தால் கூடுதலாகச் சில நாள் கெடாமல் இருக்குமாம். இயற்கையானது என்கிறார்கள். வாங்கலாமா? அதற்குக் கடன் கிடைக்குமா?"

கேள்வி நியாயமானது. விற்காத மீன் மறுநாள் பாதி விலைக்குப் போகிறது, அதற்கு மறுநாள் குப்பைக்குப் போகிறது. நஷ்டம் சிறு வியாபாரியின் தலையில் விழுகிறது. வாங்கிச் சாப்பிடுகிற குடும்பத்துக்கோ உடல்நலம் பற்றிய கவலை. ஆகவே இந்தத் தாவரப் புரதப் பூச்சு என்பது என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, மார்க்க அடிப்படையில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை விளக்கமாகத் தருகிறோம்.

மீன் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

ஆட்டிறைச்சியை விட மீன் வேகமாகக் கெடுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

முதலாவது, மீனின் உடலிலேயே இருக்கும் நொதிகள். உயிர் போன பிறகும் இவை நிற்பதில்லை. புதுமீனுக்கு ஒரு இனிப்புச் சுவை உண்டல்லவா? அதைத் தருகிற பொருளை இந்த நொதிகள் படிப்படியாக உடைத்து, கடைசியில் கசப்பான பொருளாக மாற்றிவிடுகின்றன. குடலில் உள்ள நொதிகள் வயிற்றுச் சதையைக் கரைக்கின்றன. மத்தி மீனின் வயிறு சீக்கிரம் வெடிப்பது இதனால்தான்.

இரண்டாவது, பாக்டீரியாக்கள். உயிருள்ள நல்ல மீனின் சதைக்குள் கிருமி இருப்பதில்லை. தோல், செவுள், குடல் ஆகிய இடங்களில்தான் இருக்கும். மீன் இறந்ததும் அங்கிருந்து உள்ளே பரவுகிறது. கடல் மீனின் சதையில் இயற்கையாக உள்ள ஒரு பொருளைச் சில பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைன் என்னும் பொருளாக மாற்றுகின்றன. பழைய மீனின் நாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதுதான். இந்த பாக்டீரியாக்களில் பல குளிரிலும் வளரக்கூடியவை. குளிர்பெட்டியில் வைத்த மீனும் நாளடைவில் கெடுவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, காற்று. மீனின் கொழுப்பு ஆக்ஸிஜனுடன் மிக எளிதாகச் சேரும். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற கொழுப்பு மீன்களில் சில நாட்களில் சிக்கு வாடை வருவது இதனால்.

குளிர்தான் முதல் மருந்து

பொடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஐஸைப் பற்றிப் பேசியாக வேண்டும். உருகும் ஐஸின் வெப்பநிலை 0 டிகிரி. அந்த நிலையில் மீன் கெடும் வேகத்தை ஒரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், 4 டிகிரியில் அது ஏறக்குறைய இரு மடங்கு. 10 டிகிரியில் நான்கு மடங்கு. அதாவது ஐஸில் பத்து நாள் தாங்கக்கூடிய மீன், 4 டிகிரி குளிர்பெட்டியில் சுமார் ஐந்து நாள்தான் தாங்கும். 10 டிகிரியில் இரண்டரை நாள். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் கணக்கே வேறு, மணிக்கணக்குதான்.

எவ்வளவு ஐஸ் வேண்டும்? 30 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர மட்டும் சுமார் 3 கிலோ ஐஸ் உருக வேண்டும். அதன் பிறகு வெளிவெப்பம் பெட்டிக்குள் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று சொல்கிறார்கள். மேலே நான்கு கட்டி ஐஸைப் போட்டுவிட்டு "ஐஸ் வைத்த மீன்" என்று சொல்வது இந்தக் கணக்கில் சேராது.

தாவரப் புரதம் என்ன செய்கிறது?

பாலைக் காய்ச்சி வைத்தால் மேலே ஆடை படிகிறது. சோயாப் பாலைக் காய்ச்சினாலும் அப்படியே. சீனாவிலும் ஜப்பானிலும் சோயாப் பாலின் ஆடையை எடுத்து, உலர்த்தி, பல நூற்றாண்டுகளாகச் சமைத்து உண்கிறார்கள். சூடு பட்டதும் புரதத்தின் சுருண்ட இழைகள் விரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மெல்லிய விரிப்பாக ஆகின்றன. மீன் பூச்சின் அடிப்படையும் இதுவே.

சோயாவிலிருந்து பிரித்த தூய புரதத்தைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி ஆற வைக்கிறார்கள். விரிப்பு முறியாமல் வளைந்து கொடுப்பதற்காக கிளிசரின் சேர்க்கிறார்கள். சுத்தம் செய்து துண்டு போட்ட மீனை அதில் முக்கி, வடியவிட்டு, குளிரில் வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய போர்வை மீன் துண்டின் மேல் படிகிறது. சமைக்கும்போது அதை உரிக்க வேண்டியதில்லை. மீனோடு சேர்த்துச் சாப்பிடலாம். சோயா மட்டுமல்ல, பட்டாணிப் புரதம், கோதுமையின் குளூட்டன், மக்காச்சோளத்தின் ஸீன் ஆகியவற்றிலும் இத்தகைய பூச்சு செய்ய முடியும். இதில் ஸீன் பழைய சரக்கு. 1821-லேயே பிரித்தெடுக்கப்பட்டது. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

இந்தப் போர்வையால் மூன்று பயன்கள் உண்டு.

ஒன்று, காற்றைத் தடுப்பது. ஆக்ஸிஜன் குறைவாகச் செல்வதால் கொழுப்பு சிக்கு வாடை அடிப்பது தாமதமாகிறது.

இரண்டு, ஈரத்தைத் தாங்குவது. மீன் துண்டு வறண்டு போவதும், சாறு வடிந்து எடை குறைவதும் ஓரளவு குறைகிறது.

மூன்று, மருந்தைப் பிடித்து வைப்பது. கிராம்பு எண்ணெய், பட்டை எண்ணெய், ஓம வகை மூலிகை எண்ணெய், பச்சைத் தேயிலைச் சாறு போன்றவற்றிற்குக் கிருமியைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் உண்டு. அவற்றை நேரடியாகத் தடவினால் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும், அல்லது ஆவியாகிவிடும். புரதப் பூச்சில் கலந்தால், கிருமி வளரும் மேற்பரப்பிலேயே நின்று சிறுகச் சிறுக வெளிவரும். ஆய்வுகளில் நல்ல பலன் தந்தவை பெரும்பாலும் இப்படி மூலிகைச் சாறு கலந்த பூச்சுகளே. வெறும் புரதத்திற்குக் கிருமியை அடக்கும் வலிமை குறைவு.

இதைத் தவிர, தாவரப் புரதத்தை நொதியால் சிறு துண்டுகளாக வெட்டும் முறையும் ஆராயப்படுகிறது. அந்தத் துண்டுகளில் சில கொழுப்பு கெடுவதைத் தடுக்கின்றன. சில பாக்டீரியாவின் மேலுறையைக் குலைக்கின்றன.

எத்தனை நாள் கூடுதலாகக் கிடைக்கும்? மீனின் வகை, பிடித்ததிலிருந்து கையாண்ட விதம், பூச்சில் சேர்த்த பொருள், குளிரின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது. நன்கு குளிர வைத்த மீனுக்குச் சில நாட்கள் கிடைக்கலாம். வாரக்கணக்கில் தாங்கும் என்று யாராவது சொன்னால், அவர் சொல்லும் மற்றவற்றையும் சந்தேகியுங்கள்.

இறாலின் கறுப்பும் அதற்குப் போடும் மருந்தும்

வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறது. இறாலின் தலையும் ஓடும் கறுப்பதும் அதே வகை மாற்றம்தான். ஒரு நொதி, ஆக்ஸிஜனின் துணையோடு கரிய நிறமியை உண்டாக்குகிறது. கறுத்ததால் மட்டும் இறால் கெட்டுவிட்டது என்று ஆகாது. ஆனால் சந்தையில் விலை போகாது. எனவே ஏற்றுமதித் தொழிலில் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் முக்கும் வழக்கம் உண்டு. அளவோடு பயன்படுத்த அனுமதி உள்ள பொருள்தான் என்றாலும், ஆஸ்துமா உள்ள சிலருக்கு சல்பைட் மூச்சுத் திணறலை உண்டாக்கும். ஆக்ஸிஜனைத் தடுக்கும் பூச்சுகளையும் தாவரச் சாறுகளையும் இறாலில் சோதித்துப் பார்ப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதைவிட மோசமானது பார்மலின். 2018-ல் கேரள அரசின் "ஆபரேஷன் சாகர் ராணி" சோதனைகளில் பார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது நினைவிருக்கும். அதே ஆண்டில் சென்னைச் சந்தை மீன்களைப் பற்றியும் பேச்சு எழுந்தது. பார்மலினில் உள்ள பார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. மீனில் அதைச் சேர்க்க நம் நாட்டில் அனுமதியே கிடையாது. தாவரப் புரதம் மீனுக்கு வெளியே படிந்து, உணவாகவே செரித்துப் போகிறது. பார்மலினோ மீனின் சொந்தப் புரதத்தோடு பிணைந்து அதை விறைக்கச் செய்கிறது. இரண்டையும் "கெடாமல் வைக்கும் மருந்து" என்று ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பார்மலினையும் அம்மோனியாவையும் கண்டுபிடிக்க எளிய சோதனைத் தாள்களை உருவாக்கியிருக்கிறது. தாளின் நிற மாற்றத்தைக் கொண்டு சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளலாம்.

நம் ஐஸ் பெட்டியில் ஒரு சிக்கல்

பூச்சு பற்றிய சோதனைகள் பெரும்பாலும் துண்டு போட்ட மீனை, தட்டிலோ பையிலோ வைத்து, குளிர்பெட்டியில் 4 டிகிரியை ஒட்டி வைத்துச் செய்யப்படுபவை. நம் வியாபாரிகள் செய்வது வேறு. முழு மீனை உடைத்த ஐஸுக்குள் புதைத்து வைக்கிறோம். ஐஸ் உருகும் தண்ணீர் மீன் மேல் வழிந்துகொண்டே இருக்கிறது. சோயாப் புரதம் தண்ணீரை விரும்பும் பொருள். நனைய நனைய ஊறும், தளரும், கழுவிக்கொண்டு போகும். ஆகவே நேரடியாக ஐஸில் புதைக்கும் மீனுக்கு இந்தப் பூச்சால் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. பாக்கெட்டுக்குள் மீன், பாக்கெட்டுக்கு வெளியே ஐஸ் என்ற முறையில் விற்பவர்களுக்கே இது பொருந்தும். மக்காச்சோளத்தின் ஸீன் தண்ணீரில் கரையாது என்பதால் ஈரத்தை ஓரளவு தாங்கும். அதில் வேறொரு கேள்வி இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பூச்சு செய்யாத வேலைகள்

கெட்ட மீனை எந்தப் பூச்சும் நல்ல மீனாக ஆக்காது. குறிப்பாக ஒன்றைத் தாய்மார்கள் மனதில் வைக்க வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் குளிரின்றிக் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, வாந்தி வரும். ஒருமுறை உருவான ஹிஸ்டமின், ஆணத்தில் கொதித்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் போகாது. பூச்சும் அதைப் போக்காது. நாற்றம் வராத மீனிலும் அது இருக்கக்கூடும். எனவே படகிலிருந்து இறங்கிய நிமிடத்திலிருந்து குளிர் வேண்டும்.

இன்னொன்று: சோயாப் பொடியைக் கடையில் வாங்கி வீட்டில் கரைத்து மீனில் பூசிப் பார்க்க வேண்டாம். புரதம் கிருமிகளுக்கும் உணவுதான். சரியான சூடும் சுத்தமும் சேர்மானமும் இல்லாமல் பூசினால் மீனுக்குக் காவல் வைத்ததாகாது, கிருமிகளுக்கு விருந்து வைத்ததாகும். அதுபோல, காற்றை அறவே எடுத்து அடைத்த வேக்குவம் பாக்கெட்டுகளைக் கட்டாயம் 3 டிகிரிக்கும் கீழே வைக்க வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய நச்சுக் கிருமி ஒன்று உண்டு. வாடை எதுவும் காட்டாமலே அது வளரும்.

ஹலால் பற்றி

மீன் ஹலால் என்பதில் நமக்குக் கேள்வி இல்லை. கேள்வி, மீனின் மேல் பூசும் பொருளைப் பற்றியது. "தாவரப் புரதம்" என்று முகப்பில் எழுதியிருந்தாலும் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது நம் கடமை.

கிளிசரின் (எண் 422) தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். எண்ணை மட்டும் பார்த்து மூலத்தை அறிய முடியாது. தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

சில பூச்சுகளில் புரதத்தோடு ஜெலட்டின் சேர்ப்பார்கள். அது பன்றி, மாடு, மீன் ஆகிய மூன்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

ஸீன் தண்ணீரில் கரையாது என்றோமல்லவா? அதை எத்தில் ஆல்கஹால் கலந்த தண்ணீரில் கரைத்துத்தான் பூசுவார்கள். பூசிய பின் ஆல்கஹால் ஆவியாகிவிடும். இதன் சட்டம் என்ன என்பதை நாமே முடிவு செய்யாமல் உலமாப் பெருமக்களிடம் மஸ்அலா கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் மீன் பூச்சுகளில் பரவலாகப் பயன்படுகிறது. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் அதிகம். ஹனஃபி மத்ஹபில் இறால், நண்டு பற்றிய நிலைப்பாடு வேறு என்பதால், வாங்குபவருக்கு இதைச் சொல்லிவிடுவது நல்லது.

உடல்நலத்திற்கும் இதே விசாரணை தேவை. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். குளூட்டன் சேராதவர்கள் இருக்கிறார்கள். வெறும் மீன் என்று நினைத்து வாங்கும் தாய்க்கு, அதில் சோயா இருப்பது தெரிய வேண்டும். நம் நாட்டின் உணவு லேபிள் விதிகளும் சோயா, குளூட்டன் உள்ள தானியம், மீன், இறால் வகை ஆகியவற்றைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக நேர்மை. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூன்று நாள் மீனைப் பூச்சின் பளபளப்பில் இன்றைய மீன் என்று விற்றால் அதுவும் அந்தக் குவியல்தான். பூச்சு போட்டிருந்தால் பூச்சு என்றும், பிடித்தது எந்த நாள் என்றும் சொல்லி விற்பவரின் சம்பாத்தியமே பரக்கத்தானது.

பொடி விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவை

1. உள்ளடக்கப் பொருட்கள் அனைத்தும் பாக்கெட்டில் எழுதப்பட்டிருக்கிறதா? "இயற்கைப் பொருள்" என்ற ஒற்றைச் சொல் போதாது.

2. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா? மீனில் பயன்படுத்த அனுமதி உள்ளதா?

3. எந்த மீனில், எத்தனை டிகிரியில், எத்தனை நாள் சோதித்தார்கள்? பூச்சு போட்டதையும் போடாததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்களா?

4. ஆய்வக அறிக்கை இருக்கிறதா? மீன் கெடுவதை அளக்க ஆவியாகும் நைட்ரஜனைப் பார்ப்பார்கள். 100 கிராமில் 35 மில்லிகிராம் என்பது பரவலாக வைக்கப்படும் மேல் எல்லை.

5. ஹலால் சான்றும், கிளிசரின் மூலம் பற்றிய கடிதமும் தருவாரா?

6. ஒரு கிலோ மீனுக்கு என்ன செலவு? அதே பணத்துக்கு எவ்வளவு ஐஸ் வாங்கலாம்?

கடைசிக் கேள்விதான் சிறு வியாபாரிக்கு முக்கியமானது.

வீட்டில் செய்யக்கூடியவை

மீன் வாங்கியதும் தாமதிக்காமல் செவுளையும் குடலையும் நீக்கி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அன்றே சமைக்காவிட்டால், மூடியுள்ள பாத்திரத்தில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, மீன் ஒரு பையில் இருக்கும்படி வைத்து, குளிர்பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில் வையுங்கள். சாதாரணத் தட்டில் வைப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு நேரம் கிடைக்கும். உருகிய தண்ணீரை அவ்வப்போது ஊற்றிவிட்டுப் புது ஐஸ் போடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டுமென்றால், ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, காற்றைப் பிதுக்கி, உறைபெட்டியில் வையுங்கள். மஞ்சளும் உப்பும் தடவி வைக்கும் நம் உம்மாமார்களின் பழக்கம் நல்லதே. மஞ்சளுக்குக் கிருமியை ஓரளவு அடக்கும் குணம் உண்டு. ஆனால் அதுவும் குளிரோடு சேர்ந்தால்தான்.

டிரஸ்டின் முடிவு

தாவரப் புரதப் பூச்சு மோசடி அல்ல. அதன் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. பாக்கெட் மீன் தொழிலில் வருங்காலத்தில் அதற்கு இடம் உண்டு. அரிசி, பருப்பு போல உணவாகவே உள்ள ஒரு பொருளால் மீனைக் காக்க முடிந்தால், பார்மலினுக்கு ஆசைப்படும் கைகளும் குறையும். ஆனால் நல்ல ஐஸ் பெட்டி இல்லாதவருக்கு அது ஒரு நாளையும் கூட்டித் தராது.

எனவே மீன் வியாபாரத்திற்கான கடன் விண்ணப்பங்களில், வெப்பம் புகாத ஐஸ் பெட்டி, ஐஸ் உடைக்கும் கருவி, வெப்பமானி ஆகியவற்றுக்கு முதலிடம் தருவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. அவை இருப்பவர்கள், மேலே சொன்ன ஆறு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெற்று வந்தால், பூச்சுப் பொருளுக்கான விண்ணப்பமும் பரிசீலிக்கப்படும். விண்ணப்பப் படிவம் அலுவலகத்தில் கிடைக்கும். படிவம் நிரப்ப உதவி தேவைப்படும் சகோதரிகள் அஸர் தொழுகைக்குப் பின் வரலாம்.

நம் வியாபாரம் ஹலாலாகவும், நம் உணவு தூய்மையாகவும் அமைய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்